துடிப்பு தப்பினால் மாத்திரை வேண்டுமா? இதய மருத்துவர் பதில்கள்

இதயம் சம்பந்தமான கேள்விகளுக்கென்று ஆசிரியரிடம் பக்கம் கேட்டு வாங்கினேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் ஒரே கவலைதான், வேறு வேறு கையெழுத்தில்: டாக்டர் கொடுத்தது சரியா, கொடுக்காமல் விட்டது சரியா? நியாயமான சந்தேகம். இதயச் செயலிழப்பிலும் (இதயம் நின்றுபோவது அல்ல, தளர்ந்துபோய் ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலை) துடிப்புக் கோளாறிலும், பார்த்ததுமே சரி என்று தோன்றிய சில வைத்தியங்கள் ஆராய்ச்சியில் குப்புற விழுந்திருக்கின்றன. ஆகாது என்று ஒதுக்கி வைத்தவை உயிரைக் காத்திருக்கின்றன. அதனால் இந்த முறை பதில்களில் ஆராய்ச்சிக் கதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு இரைக்கிறது என்று எக்கோ ஸ்கேன் எடுத்ததில் இதயத்தின் பம்பிங் திறன் 30 பர்சென்ட்தான் என்றார்கள். நாலு வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதில் மெட்டோப்ரோலால் பி.பி. மாத்திரையாம், துடிப்பைக் குறைக்குமாம். ‘ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு இது எதுக்கு?’ என்கிறார் மெடிக்கல் கடைக்காரர். அப்பாவுக்கு பி.பி. கிடையாது. இன்னொன்று சர்க்கரை மாத்திரை என்கிறார். சர்க்கரையும் கிடையாது. நிறுத்திவிடலாமா?
வாசகர், சங்கரன்கோவில்

நிறுத்த வேண்டாம். கடைக்காரரைத் திட்டவும் வேண்டாம். அவர் சொல்வதைத்தான் எங்கள் பாடப்புத்தகமும் சொன்னது. 1980களில் நான் மதுரையில் எம்.டி. படித்தபோது, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து கொடுப்பேன் என்று வாய்மொழித் தேர்வில் சொன்னால் அத்தோடு எழுந்து போக வேண்டியதுதான். தள்ளாடும் இதயத்தை இன்னும் மெதுவாக்குவார்களா என்பது அன்றைய நியாயம்.

அந்த நியாயத்தைச் சந்தேகப்பட்டவர்கள் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர மருத்துவர்கள். ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1975இல் வெறும் 7 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரும் இதயத் தசை தளர்ந்து, துடிப்பு எகிறிக் கிடந்தவர்கள். ஆகாது என்று சொல்லப்பட்ட அதே பீட்டா பிளாக்கரைக் கொடுத்ததில் அவர்களுக்கு மூச்சிரைப்பு குறைந்தது, இதயத்தின் வேலைத்திறன் கூடியது. ஏழு பேரை வைத்து யார் நம்புவார்கள்? பெரும்பாலோர் நம்பவில்லை.

கால் நூற்றாண்டு கழித்துத்தான் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது. 1999இல் சிபிஸ்-2 என்ற ஆய்வு வெளியானது. 2,647 நோயாளிகள். பாதிப் பேருக்கு பைசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை எடுத்தவர்களில் 17.3% பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 11.8%. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் கெடுவுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். அதே ஆண்டு மெட்டோப்ரோலாலை வைத்து நடந்த மெரிட்-எச்எஃப் ஆய்வும் அப்படியே முன்கூட்டி நின்றது. அதில் இறப்பு 34% குறைந்திருந்தது.

காரணம் இதுதான். இதயம் தளர்ந்ததும் உடம்பு பதறிப்போய் அட்ரினலின் வகைச் சுரப்புகளை அள்ளி விடுகிறது. நோஞ்சான் மாட்டைச் சாட்டையால் அடித்து மேடேற்றுவது போல, இன்றைக்கு வண்டி ஏறிவிடும், மாடு நாளாவட்டத்தில் செத்துப்போகும். பீட்டா பிளாக்கர் அந்தச் சாட்டையைப் பிடுங்கி வைக்கிறது. பி.பி. இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை.

இரண்டு விஷயம் கவனியுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்டோப்ரோலாலுக்குப் பக்கத்தில் ‘சக்சினேட்’ என்று இருக்க வேண்டும். மெரிட் ஆய்வில் பலன் காட்டியது அந்த வகைதான். ‘டார்ட்ரேட்’ என்று இருந்தால் அது வேறு. ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், இந்த மருந்தைச் சின்ன அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். முதல் சில வாரம் அப்பா ‘முன்னைவிட அசதியா இருக்கு’ என்று சொல்லக்கூடும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பு தாறுமாறாக எகிறி ஆபத்தாகும்.

சர்க்கரை மாத்திரை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அது டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். இந்த இனத்தின் மூதாதை, ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவது அதன் குணம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதயத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது, இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 35% குறைந்திருந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது ஒன்று. 2019இல் டாபா-எச்எஃப் ஆய்வில் 4,744 இதயச் செயலிழப்பு நோயாளிகளைச் சேர்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரையே கிடையாது. பலன் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி. 2020 அக்டோபரில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து உள்ளூர் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்ததால் இன்று விலையும் கைக்கு எட்டுகிறது. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வாந்தி பேதியாகிச் சாப்பிட முடியாத நாளில் இதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

நாலு மாத்திரை அதிகம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு பக்கம். 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61, உங்கள் அப்பா வயதுதான். இதயம் சுருங்கும் வலு குறைந்தவர்களில், அப்போதைய வழிகாட்டுதலில் இருந்த மூன்று வகை மருந்தும் சேர்த்து எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாலில் ஒருவர்தான். மூன்று ஆண்டுக்குள் மொத்தத்தில் 44.8% பேர் இறந்துபோனார்கள். உங்கள் டாக்டர் நாலையும் எழுதியிருக்கிறார் என்றால் ஒழுங்காகப் படித்தவர்.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், அதே மாதிரி உடுப்பில் எடை பார்த்து காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால், படுக்க இரண்டு தலையணைக்குப் பதில் மூன்று கேட்டால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது, பள்ளி ஆசிரியை. திடீரென்று ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கும், அடுத்தது திம்மென்று நெஞ்சில் இடிக்கும். துடிப்பைப் பதிவு செய்யும் 24 மணி நேர ஹோல்டர் கருவி மாட்டியதில் 800 எக்ஸ்ட்ரா துடிப்பு வந்தது. எக்கோ நார்மல். டாக்டரோ மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். 800 இருந்தும் எப்படிச் சும்மா விடலாம்? வேறு டாக்டரைப் பார்க்கலாமா?
வாசகி, பெருந்துறை

பாருங்கள், தப்பில்லை. ஆனால் மாத்திரை எழுதும் டாக்டர் கிடைக்கும் வரை தேடாதீர்கள்.

ஒரு நாளைக்கு உங்கள் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் 800 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விட்டுப்போனது என்று நீங்கள் நினைப்பது விட்டுப்போனதும் அல்ல. கீழறையிலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது. இதயம் சரியாக நிரம்புவதற்குள் வருவதால் அது கை நாடியில் தெரிவதில்லை. அதற்குப் பின் ஓர் இடைவெளி, அந்த நேரத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்பி, அடுத்த துடிப்பு இடிக்கிறது. படுத்ததும், இடது பக்கம் ஒருக்களித்ததும் கூடுதலாகத் தெரியும். எனக்கே வரும், முக்கியமாகத் தூக்கம் கெட்ட மறுநாள்.

சரி, ஆபத்தில்லை என்றாலும் ஒரு மாத்திரை போட்டு அடக்கினால் என்ன? இதைத்தான் அமெரிக்க மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள், அதுவும் உங்களைவிடப் பல மடங்கு ஆபத்தில் இருந்த நோயாளிகளுக்கு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், இப்படி எக்ஸ்ட்ரா துடிப்பு அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறப்பது கூடுதல் என்று தெரிந்திருந்தது. ஃப்ளெகைனைட், என்கைனைட் என்ற மாத்திரைகள் எக்ஸ்ட்ரா துடிப்பைப் பெருக்கித் துடைத்தன. ஹோல்டர் அறிக்கை பளிச்சென்று வரும். அப்படியானால் மரணமும் குறையத்தானே வேண்டும்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது சோதனைக்காகச் சிலருக்குப் போலி மாத்திரை தருவது அநியாயம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் அதையும் மீறி ஓர் ஆய்வை நடத்தியது. பெயர் காஸ்ட். மருந்தால் எக்ஸ்ட்ரா துடிப்பு அடங்குகிறது என்று முதலில் உறுதி செய்துகொண்ட நோயாளிகளை மட்டும் எடுத்து, இரண்டாகப் பிரித்தார்கள். 755 பேருக்கு அந்த மருந்துகள், 743 பேருக்குப் போலி மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் போனது. போலி மாத்திரைத் தரப்பில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்துத் தரப்பில் 63 பேர். 1989 ஏப்ரலில் அந்தப் பகுதியை அப்படியே நிறுத்தினார்கள்.

இதை இன்னொரு தரம் படியுங்கள். துடிப்பு அடங்கிய நோயாளிகள், அழகான இசிஜி உள்ள நோயாளிகள், இரண்டு மடங்குக்கு மேல் செத்தார்கள். தழும்பு விழுந்த இதயத் தசையில் அந்த மருந்துகள் மின்னோட்டத்தை மந்தமாக்கி, உயிரைப் பறிக்கும் வேறு துடிப்புகளுக்கு வழி திறந்துவிட்டன. ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளியைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. மாரடைப்பு வந்தவர் இறந்தால் மாரடைப்பால் இறந்தார் என்றுதானே நினைப்போம்? பக்கத்தில் வைத்து ஒப்பிட அந்த 743 பேர் இருந்ததால்தான் தெரிந்தது. என் துறையில் ஒரே ஓர் ஆய்வைத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ளெகைனைட் இன்றும் இருக்கிறது. இதய அமைப்பில் குறையே இல்லாதவர்களுக்குச் சில துடிப்புக் கோளாறுகளில் நன்றாக வேலை செய்கிறது. அதை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்பது மூன்றுதான். மயங்கி விழுந்திருக்கிறீர்களா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? வேலை செய்யும்போது, மாடி ஏறும்போது இது கூடுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் உங்கள் டாக்டர் செய்தது சரி. மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனால், அதுவே இதயத் தசையைத் தளரவைக்கும் வாய்ப்பு உண்டு. அப்போது கதை வேறு. தைராய்டும் ரத்த அளவும் (ஹீமோகுளோபின்) பார்க்காமல் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: படபடப்பு உள்ளவர்கள் காபியை விட்டே ஆக வேண்டுமா?
வாசகர், கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 100 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2023இல் வெளியானது. உடம்பில் இசிஜி பட்டை ஒட்டி, இன்று காபி குடி, நாளை குடிக்காதே என்று ஃபோனில் தகவல் அனுப்பினார்கள். மேலறையிலிருந்து வரும் எக்ஸ்ட்ரா துடிப்பு காபி நாளில் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறைத் துடிப்பு கொஞ்சம் கூடியது. காபி நாளில் கூடுதலாக நடந்தார்கள், இரவில் அரை மணிக்கு மேல் குறைவாகத் தூங்கினார்கள். 2025இல் வந்த இன்னோர் ஆய்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும் கோளாறு) வந்து ஷாக் கொடுத்துச் சரிசெய்யப்பட்ட 200 பேரில், காபி குடித்தவர்களில் 47% பேருக்கும் காபியை விட்டவர்களில் 64% பேருக்கும் அது திரும்பி வந்தது என்கிறது. 200 பேர் சின்ன எண்ணிக்கைதான், காபி மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு டம்ளர் குடியுங்கள். உங்களுக்குக் குடித்தால் படபடக்கிறது என்றால் விடுங்கள், அதற்கு ஆராய்ச்சி எதற்கு?

மதுவைப் பற்றி யாரும் எழுதவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: ஆஸ்திரேலியாவில் 140 பேரை வைத்து நடந்த ஆய்வில், குடியை நிறுத்தியவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்புவது கணிசமாகக் குறைந்தது.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினான். 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. எனக்கு 69 வயது. ஒரு தொந்தரவும் இல்லை. பயப்பட வேண்டுமா?
வாசகர், காரைக்குடி

பயம் வேண்டாம், இசிஜி வேண்டும். கடிகாரம் சந்தேகப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை. அங்கே ரத்தம் தேங்கி, உறைந்து, கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்துக் கண்டுபிடித்தார்கள்.

ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 4,19,297 பேர் கலந்துகொண்ட ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. எச்சரிக்கை வந்தது 0.52% பேருக்குத்தான். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களில் 3.1%. எச்சரிக்கை வந்தவர்களுக்குப் பின்னால் இசிஜி பட்டை அனுப்பி ஒட்டச் சொன்னதில், திருப்பி அனுப்பிய 450 பேரில் 34% பேருக்கு ஏ.எஃப். தென்பட்டது. மற்றவர்களுக்கு இல்லை என்று அர்த்தமில்லை, அது வந்து வந்து போகும் ஆசாமி.

கையை மடியில் வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். ஒரு துடிப்பு மட்டும் தப்பி மறுபடி தாளத்துக்கு வருகிறதா, அல்லது தாளமே இல்லாமல் கண்டபடி ஓடுகிறதா? இரண்டாவது என்றால் அப்படியே கிளம்பிப் போய் இசிஜி எடுங்கள். இசிஜியில் பதிவானால் உங்கள் வயதுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தேவைப்படலாம்.

கருவி கண்டுபிடிப்பதையெல்லாம் உடனே மருந்தாக்கிவிடவும் கூடாது. டென்மார்க்கில் 70 வயது தாண்டிய 6,004 பேரில் கால்வாசிப் பேருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவி பொருத்தி வருடக்கணக்கில் பார்த்தார்கள். கருவி இருந்தவர்களில் 31.8% பேருக்கு ஏ.எஃப். சிக்கியது, மற்றவர்களில் 12.2%. மாத்திரையும் அந்த அளவுக்குக் கூடியது. பக்கவாதமோ சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை. கடிகாரத்தை ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: கணவருக்கு பம்பிங்கும் குறைவு, ஏ.எஃப்.பும் இருக்கிறது. ஒரு டாக்டர் அப்லேஷன் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். செலவு பயமுறுத்துகிறது.
வாசகி, ஓசூர்

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாத்திரையால் துடிப்பைச் சீராக்கினால் இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்வார்களா என்று கனடா மருத்துவர்கள் முன்னின்று 1,376 பேரிடம் சோதித்தார்கள், 2008இல் முடிவு வந்தது. தாளத்தைச் சீராக்கியவர்களும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தார்கள். மறுபடியும் பாருங்கள், இசிஜி அழகாவது ஒன்று, ஆள் நன்றாக இருப்பது இன்னொன்று.

அப்லேஷன் வேறு வழி. பிரான்சின் போர்டோ நகரில் ஹைசகேர் குழு 1998இல் காட்டியது: ஏ.எஃப்.பைத் தூண்டிவிடும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயில் இருக்கின்றன. தொடை வழியாகக் குழாய் செலுத்தி அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ வேலி போடுவதுதான் அப்லேஷன். 2018இல் காஸில்-ஏஎஃப் ஆய்வில், பம்பிங் 35க்குக் கீழே இருந்தவர்களில் அப்லேஷன் செய்தவர்களில் 28.5% பேர் இறந்தோ, செயலிழப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ போனார்கள். மாத்திரைத் தரப்பில் 44.6%.

நல்ல முடிவு. ஆனால் 3,013 பேரைப் பரிசீலித்து கடைசியில் ஆய்வில் வைத்தது 363 பேரைத்தான். பொறுக்கி எடுத்த நோயாளிகள், கைதேர்ந்த மருத்துவர்கள். அதனால் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஏ.எஃப். எவ்வளவு காலமாக இருக்கிறது, இடது மேலறை எவ்வளவு பெருத்திருக்கிறது, அவர் வருடத்தில் எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார். ஏ.எஃப். வந்து கொஞ்ச காலமே ஆகி, மேலறை ரொம்பப் பெருக்காமல், பம்பிங் குறைவுக்கு ஏ.எஃப்.பே காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால் நான் அப்லேஷன் பக்கம் சாய்வேன். அரசுக் காப்பீட்டில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு 45 வயது. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் (ருமாட்டிக் ஃபீவர்) வந்து இதய வால்வு சுருங்கிவிட்டது. ஏ.எஃப். இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறாள். மாதாமாதம் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க ரத்தம் கொடுத்து அலுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா?
வாசகி, அருப்புக்கோட்டை

மாறக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

புது மாத்திரைகளை உலகம் கொண்டாடிய ஆய்வுகளில் உங்கள் அக்காவைப் போன்றவர்களைச் சேர்க்கவில்லை. பணக்கார நாடுகளில் மூட்டுக் காய்ச்சல் வால்வு நோய் அருகிப்போய்விட்டது. நம்மிடம் இன்னும் இருக்கிறது. கடைசியில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் 4,500க்கு மேற்பட்டோரை வைத்து இன்விக்டஸ் ஆய்வு நடந்தது. சராசரி வயது சுமார் 50, முக்கால்வாசிப் பேர் பெண்கள். புது மாத்திரையான ரிவரோக்ஸபான் குறைந்தது சமமாகவாவது இருக்கும் என்றுதான் பலரும் நினைத்தோம். 2022இல் வந்த முடிவு நேர்மாறு: அசிட்ரோம், வார்ஃபரின் வகை எடுத்தவர்களில்தான் மரணம் குறைவு.

ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கட்டும். கீரையே தொடக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்க வேண்டாம். ஒரு வாரம் தினம் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடினால்தான் அளவு கெடும். எப்போதும் சாப்பிடுகிற அளவிலேயே சாப்பிடட்டும். மூட்டு வலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: இதயச் செயலிழப்புக்கு உப்பை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். லோ சோடியம் உப்பு வாங்கலாமா?
வாசகர், தூத்துக்குடி

லோ சோடியம் உப்பு வேண்டவே வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இதயச் செயலிழப்புக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பே நின்றுபோகலாம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான், நிறம்தான் வேறு.

சோடியத்தை நாளைக்கு 1,500 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று 806 பேரிடம் பார்த்தார்கள், 2022இல் வெளியானது. மரணமும் ஆஸ்பத்திரி வாசமும் குறையவில்லை. தண்ணீரை ஒன்றரை லிட்டருக்குள் அடக்குவதும் அப்படித்தான்: நெதர்லாந்தில் நிலையாக இருந்த 504 நோயாளிகளிடம் பார்த்ததில் தாகம்தான் கூடியது. இதை வைத்து ஊறுகாய் ஜாடியைத் திறக்காதீர்கள். கருவாடு, அப்பளம், வற்றல், மிக்சர் நான்கையும் விடுங்கள். குழம்பில் மிதமாக உப்புப் போட்டு வயிறாரச் சாப்பிடுங்கள். உப்பில்லாமல் சாப்பாடே இறங்காமல் மெலிந்து வரும் பெரியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கால் வீங்கி மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் டாக்டர் சொன்ன அளவிலேயே நிற்கட்டும்.

கேள்வி: அம்மாவை இதயச் செயலிழப்புக்கான புது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ‘நம்மளை எலி ஆக்கப் பார்க்கிறாங்க’ என்கிறார் மாமா. என்ன செய்வது?
வாசகர், விழுப்புரம்

மாமாவின் கோபம் வெறும் கற்பனை இல்லை. ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிய காலம் நம் நாட்டில் இருந்தது. அதனால்தான் விதிகள் இறுகின. ஆனால் மேலே நான் சொன்ன அத்தனை பதிலும், உங்கள் அம்மாவைப் போல யாரோ ஒருவர் ‘சரி’ என்றதால் கிடைத்தது. காஸ்ட் ஆய்வில் போலி மாத்திரை கிடைத்தவர்கள்தான் அதிகம் தப்பித்தார்கள்.

சேரச் சொல்லியும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். தகவல் தாளைத் தமிழில் தர வேண்டும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மாமாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. எந்த மருந்து யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், டாக்டரால் உங்களுக்கென்று தேர்ந்தெடுக்க முடியாது. இப்போது எடுக்கும் மாத்திரைகள் தொடருமா, நிறுத்துவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல ஆய்வில் புது மருந்தோ போலி மாத்திரையோ, வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் தருவார்கள்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் இத்தகைய மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர், எந்த ஊர்கள், எதை அளக்கிறார்கள் என்று இருக்கும். அளப்பது வெறும் ரத்தப் பரிசோதனை எண்ணா, அல்லது நடக்க முடிகிறதா, உயிரோடு இருக்கிறார்களா என்பதா என்று அங்கே தெரிந்துவிடும். நானாக இருந்தால் முதலில் அந்த வரியைத்தான் படிப்பேன்.

ஒவ்வோர் ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும். அதில் டாக்டர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார்கள். குழுவின் தொலைபேசி எண் தகவல் தாளில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் மாமாவை விட்டே அந்த எண்ணுக்கு ஒரு ஃபோன் போடச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அம்மாவே முடிவு செய்யட்டும்.